நழுவும் நுண்ணோக்கி

பேறுகாலத்து வலியில் துடித்தவளுக்குத் தாயின் வடிவெடுத்து வந்து, தலைமாட்டில் அமர்ந்து, வெந்நீர் வைத்து, மருந்து அரைத்து, பெற்ற தாய் வெள்ளம் வடிந்து ஆற்றைக் கடந்து வரும்வரை தான் இன்னாரென்று எவருக்கும் காட்டிக்கொள்ளாமல் பணிவிடை செய்த பெருமானே, மருந்தும் நீ, மருந்து தரும் கையும் நீ, நோயுற்றவர் இருளில் துழாவிப் பற்றும் கையும் நீ. உன் குன்றின் நிழல் சாயும் ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியில், ஒரு முற்பகற் பொழுதில், ஒருத்தியின் நெஞ்சுக்குள் நடந்ததைச் சொல்லப் புகுகிறேன். சொல்லில் குற்றம் நேர்ந்தால் பொறுத்தருள். சொல்லப்படுகிறவளைக் கைவிடாதே.

அவள் பெயர் மட்டுவார்குழலி. குன்றின்மேல் வீற்றிருக்கும் அம்மையின் திருப்பெயர். புழக்கத்தில் தேய்ந்து குழலி ஆயிற்று. முப்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆனவள், பொறியியல் பட்டம் பெற்றவள், பச்சிளங்குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கும் கருவிகளை, சூடு தரும் கண்ணாடிப் பெட்டிகளையும் மூச்சை எண்ணும் திரைகளையும், பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில் வேலை செய்கிறவள். அவள் இப்போது உயிரியல் ஆய்வகத்தின் கடைசி மேசையில், கால் ஆடும் ஒரு ஸ்டூலில் அமர்ந்திருக்கிறாள். அதன் எந்தக் கால் குட்டை என்பதை உட்கார்ந்தவுடனேயே உடம்பு கண்டுபிடித்துவிட்டது. ஓர் அட்டைத் துண்டு கிடைத்தால் போதும், வேண்டாம், இதற்காகவா வந்தாய், எதிரே பார். எதிரே அலமாரி. அலமாரியில் குடுவைகள். குடுவைக்குள் சுருண்ட பாம்பு, வெளிறிய தவளை, முட்டைக்குள்ளிருந்து பாதியில் எடுக்கப்பட்ட கோழிக்குஞ்சு. ஆனால் அவள் கண் முதலில் பதிந்தது குஞ்சின்மேல் அல்ல, குடுவை மூடியைச் சுற்றிய மெழுகில் ஓடிய விரிசலின்மேல். உள்ளே திரவம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது, மூடி கசிகிறது என்று மனம் குறித்துக்கொண்ட பிறகுதான் ஐயோ, இது கண் திறக்காத ஓர் உயிர் என்பது உறைத்தது. எப்போதும் இப்படித்தான். முதலில் மூடி, பிறகு உயிர். இந்த வரிசை மாறாதா? மாறாத ஒருத்திக்கு மருத்துவப் படிப்பு எதற்கு? பள்ளியில் அவள் உயிரியல் எடுக்கவில்லை, கணினி எடுத்தாள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க உயிரியல் வேண்டும். விட்டுப்போன அந்த ஒரு பாடத்தைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் நுழைவுத் தேர்வுக்கு அமரலாம் என்று வழி பிறந்தபோது, அடைத்துக் கிடந்த நடை திறந்தது போலிருந்தது. எழுத்துத் தேர்வைப் பற்றிப் பயமில்லை. நெட்டுருப் போடும் பழக்கம் போகவில்லை. செய்முறைத் தேர்வுதான் இன்று. இதில் தவறினால் இந்த ஆண்டு நுழைவுத் தேர்வு இல்லை. இந்த ஆண்டு இல்லையென்றால் இனி எந்த ஆண்டும் இல்லை. அது வீட்டில் பேசி முடித்த பேச்சு. “ஒரே ஒரு தடவைதான் குழலி. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, சத்தியமா” என்றார் அவள் கணவர் சபாநாயகம். பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளின் அடியில் படுத்து எழும் மனிதர். கோபத்தால் அப்படிச் சொல்லவில்லை, களைப்பால் சொன்னார். கோபமாயிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம்.

உள்ளே நுழைந்தபோது என்ன கூத்து நடந்தது! பதினேழும் பதினெட்டுமாய் அமர்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சடக்கென்று எழுந்து நின்று, “குட் மார்னிங் மிஸ்” என்று ஒரே குரலில் இழுத்தார்கள். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் அவர்களுடையதைப் போலவே ஒரு நுழைவுச் சீட்டு. அதை உயர்த்திக் காட்டி, “நானும் எழுதத்தான் வந்திருக்கேன்பா, உக்காருங்க” என்றதும் மேசை மேசையாகச் சிரிப்பு. பக்கத்து மேசைப் பையன், சட்டைப் பையில் தௌபீக் என்று மையால் எழுதியிருந்தவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அக்கா, நீங்க எத்தனையாவது அட்டெம்ட்?” என்றான். “முதல் தடவைதான்.” “அப்ப நான் உங்களுக்கு சீனியர்க்கா. இது எனக்கு மூணு. வெங்காயம் வந்தா தப்பிச்சோம், கரப்பான்பூச்சி வந்தா செத்தோம்.” அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் தேறாவிட்டால் மறுபடி எழுதுவார்கள். இவர்களுக்கு முன்னால் காலம் அகண்ட காவிரியாய்க் கிடக்கிறது. எனக்கோ கோடையில் மணலுக்கடியில் ஊறும் ஊற்று. அதையும் தோண்டத் தோண்டத்தான். கல்லூரியில் இடம் கிடைத்தாலும் படித்து முடித்து வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும், இவள் யாருக்கு மருத்துவம் பார்ப்பாள், தனக்கே யாராவது பார்க்கவேண்டிய வயதில்? இப்படி ஓர் எண்ணம் வந்தால் அதைப் பிடித்து நிறுத்த அவளால் ஆகாது. உருண்டுபோய் வழக்கமான பள்ளத்தில்தான் விழும். அந்தப் பள்ளத்தில் அத்தை நிற்பார். சபாநாயகத்தின் தாய் காந்திமதியம்மாள். மாலைதோறும் திருமுறை ஓதாமல் சோறுண்ணாதவர். நெற்றி நிறையத் திருநீறு பூசுபவர். பொல்லாதவர் என்று சொல்ல நா எழாது. ஆனால் நேற்று, சமையலறை மாடத்தில் ஒரு தம்ளர் தண்ணீரின்மேல் குழலி நிறுத்திவைத்திருந்த வெங்காயத்தையும், அதன் அடியில் வெள்ளை நரையாய் இறங்கியிருந்த வேர்களையும் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: “தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துக்கிட்டு வருசம் போயிக்கிட்டே இருக்கு. இங்க என்னடான்னா வெங்காயத்துக்கு வேர் வந்துருச்சான்னு ஒருத்தி காலையும் சாயங்காலமும் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறா.” சொல்லிவிட்டு உடனே அந்தத் தம்ளரில் தண்ணீர் குறைந்திருப்பதைக் கண்டு, தாமே ஊற்றி நிரப்பினார். ஏசுகிறவரும் நீர் ஊற்றுகிறவரும் ஒருவராக இருந்தால் எவரிடம் போய் அழுவது? சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் குன்றேறி வாழைத்தார் சாத்துகிறார்கள். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஒருமுறை தங்கியது போலிருந்து கலைந்தது. அதை எவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை, பேசாததனால் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது, வயிற்றில் வளர்ந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்குப் போகும் அளவுக்கு.

பிள்ளையில்லாத குறையை நிரப்பத்தான் இந்தப் படிப்பு என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். சம்பளம் போதாமல் என்றும் சிலர். இரண்டும் இல்லை. காரணம் கேட்டால் அவள் சொல்வதில்லை. சொன்னால் இதற்காகவா என்பார்கள். புறநகர் மருத்துவமனை ஒன்றில் ஒரு பிற்பகல், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் வெப்ப உணர்வியை மாற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த பெட்டியில் ஒரு குழந்தை, உள்ளங்கையளவு, மூச்சு விடும்போதெல்லாம் விலாவெலும்பு குழிய. வயிற்றைக் கிழித்து எடுத்த தாய், தையல் வலியோடு சுவரைப் பற்றிப் பற்றி நடந்து வந்து, நீல மேலங்கியோடு நின்ற இவளைக் கண்டு இரு கையும் குவித்தாள். “டாக்டரம்மா, எம்புள்ள பொழைச்சுக்குமா?” “நான் டாக்டர் இல்லைம்மா. மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவ.” குவிந்த கைகள் எப்படிப் பிரிந்தன என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக, அவமானப்பட்டதைப் போல, இறங்கின. “அப்ப யாரைம்மா கேக்குறது?” அந்த நேரத்தில் அங்கே எவரும் இல்லை. ஒரு செவிலி, அவளும் தொலைபேசியில். குழலி திரையைப் பார்த்தாள், எண்களைப் பார்த்தாள்; எண்கள் தெரிந்தன, பொருள் தெரியவில்லை. அந்த எண்கள் சரியாக வருகின்றனவா என்று சொல்ல அவளுக்குத் தெரியும். வருகிற எண் வாழ்வைச் சொல்கிறதா, முடிவைச் சொல்கிறதா என்று தெரியாது. “கொஞ்சம் இருங்க, வருவாங்க” என்றாள். மறுமுறை போனபோது அந்தப் பெட்டியில் வேறொரு குழந்தை இருந்தது. பெட்டி பழுதில்லாமல் வேலை செய்தது. அவ்வளவுதான் கதை. முந்தைய குழந்தை வீட்டுக்குப் போயிற்றா, வேறெங்கும் போயிற்றா, கேட்க அஞ்சிக் கேட்காமலே வந்துவிட்டாள். இறைவனே கூட அந்தப் பேற்றறைக்குள் தன் வடிவோடு போகவில்லையே. சடையையும் பாம்பையும் வெளியே விட்டுவிட்டுத் தாயின் சேலையை உடுத்துக்கொண்டல்லவா போனார். அவருக்கே வேறு வடிவம் வேண்டியிருந்ததென்றால், நீல மேலங்கியைக் கழற்றி வேறொன்றை உடுத்த நான் ஆசைப்படுவதில் என்ன பிழை? ஆனால் சுவாமி, உமக்குத் தேர்வு வைக்க யாரும் இல்லை.

“எல்லாரும் கவனிங்க.” புறத்தேர்வாளர் ரெஜினா மேரி வந்துவிட்டார், வேறு பள்ளியின் ஆசிரியை, கழுத்தில் சிறு சிலுவை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. “முதல் கேள்வி வெங்காய வேர்நுனி. செல் பிரிதல் ஸ்லைடு போட்டு, தெரியுற நிலைகளைப் படம் வரைஞ்சு பேர் எழுதணும். ஸ்லைடை நான் வந்து பாப்பேன். பார்த்துட்டுத்தான் மார்க்.” தௌபீக் பக்கத்தில் மெல்ல மார்பில் கைவைத்து, “அல்ஹம்துலில்லாஹ், வெங்காயம்” என்றான். குழலிக்கும் உயிர் வந்தது. வீட்டில் எத்தனை வேர்களை வீணாக்கிப் பழகியிருக்கிறாள். நுனியை மட்டும் நறுக்கு. அங்கேதான் வளர்ச்சி, மற்ற இடமெல்லாம் வளர்ந்து முடிந்த இடம். சிவந்த சாயத்தில் ஊறவிடு. ஸ்பிரிட் விளக்கின்மேல் காட்டு, கொதிக்கவிடாதே. மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கு. ஒற்றுத்தாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்து; நசுக்கினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவும். உயிரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது. சாயம் பட்ட நொடியில், பிரிந்துகொண்டிருந்தது பிரிந்தபடியே நின்றுவிடும். பிரிய நினைத்த ஒன்று பிரியாமலும் சேராமலும் என்றென்றைக்கும். இதற்கும் அந்தக் கோழிக்குஞ்சுக்கும் என்ன வேற்றுமை? போதும், எண்ணாதே, கண்ணாடியை நுண்ணோக்கியின் மேடையில் வை. வைத்தாள். கண்ணை வில்லையில் பதித்துத் திருகைத் திருப்பினாள். இளஞ்சிவப்பு மூட்டம். இன்னும் கொஞ்சம். கட்டங்கட்டமாக ஏதோ திரண்டு தெளிந்து வந்தது, வந்துவிட்டது, அதோ, ஆனால் கையை எடுத்ததும் காட்சி உருகிப்போயிற்று. மறுபடி திருகினாள். மறுபடி வந்தது. மறுபடி போயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தாள். நுண்ணோக்கியின் குழல் தன் பாரத்தாலேயே, தூக்கத்தில் தலை சாய்வதைப் போல, மெல்ல மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் அவளுக்குள் இருந்த அச்சம் முழுவதும் போய்விட்டது. அதுதான் கேடு. அதுவரை அந்நியமாயிருந்த அந்த அறை திடீரென்று அவளுக்குச் சொந்தமான இடமாயிற்று. பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, இல்லை, பல் நன்றாயிருக்கிறது, பின்தகட்டின் பிடிதான் தளர்ந்துவிட்டது. இரு பக்கத்துத் திருகுகளையும் ஒன்றுக்கொன்று எதிராக முறுக்கிப் பார்த்தாள், பிடிக்கவில்லை. பின்னால் இரண்டு சிறு திருகாணிகள். அறுவைக்கத்தியின் மழுங்கிய முனை அவற்றின் பள்ளத்தில் பொருந்திற்று, அதற்கென்றே செய்ததைப் போல. ஒரு திருகாணி, அடுத்தது, தகடு கையோடு வந்தது, உள்ளே காய்ந்து கட்டிய பழைய மசகு. முந்தானை நுனியால் துடைத்தாள். ஒற்றுத்தாளில் ஒரு கீற்று கிழித்து, நீளமாக மடித்துத் தகட்டின் அடியில் வைத்து, ஒரு பக்கத்தை இறுக்கி, மறுபக்கத்தை இறுக்கி, அதிகம் இறுக்காதே, சீராக வரட்டும். கைகள் அவளைக் கேட்கவில்லை. நெஞ்சு எத்தனை நாளாகத் தவறவிட்டிருந்த அமைதி அந்த வேலைக்குள் இருந்தது. கருவறைக்குள் அபிடேகம் நடக்கும்போது பார்த்து நிற்கிறவனுக்கு ஊரும் உறவும் மறந்துபோவதில்லையா, அதைப் போல மறந்துபோயிற்று அவளுக்கு, தேர்வு, மணி, சபாநாயகம், மருத்துவம், எல்லாம். குழலை மேலேற்றிக் கையை எடுத்தாள். நின்றது. மேசையை மெல்லத் தட்டினாள். நின்றது. என்ன அழகாக நிற்கிறது! முகம் மலர்ந்து கண்ணை வில்லையில் பதித்தாள். துல்லியமான, அசையாத, அப்பழுக்கற்ற காட்சி: ஓரங்களிலிருந்து காற்று புகுந்து, சாயம் கருஞ்சிவப்புத் தூளாய்ப் படிந்து, செல்கள் வற்றல் போலச் சுருங்கிப்போய், ஒன்றுமே இல்லாத ஒரு பாழ்நிலம். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் வேர் காய்ந்துவிட்டது. அவள் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது, அணைக்காமல் விட்ட விளக்கின் அனலருகில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் மூடி, பிறகு உயிர். இல்லை, மூடி மட்டுமே. உயிர் இந்தமுறை வரிசையில் வரவே இல்லை. கருவியைச் செப்பனிட்டு, கருவி எதற்காக இருக்கிறதோ அதைச் சாகவிட்டவள் நாளை ஒரு கட்டிலருகே நின்றால் என்ன செய்வாள்? நோயாளி நீலம் பாரித்துக்கொண்டிருக்க, கம்பியைச் சொருகிச் சொருகிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“என்னம்மா, கழட்டி மாட்டிட்டீங்களா?” ரெஜினா மேரி பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குழலி எழுந்துவிட்டாள், பிள்ளைகள் தன்னைக் கண்டு எழுந்ததைப் போலவே. “நழுவுச்சு மேடம்.” “எல்லாமே நழுவும். நான் டீச்சரானதுலேருந்து நழுவுது.” அவர் குனிந்து வில்லை வழியாகப் பார்த்தார், திருகைத் திருப்பினார், கையை எடுத்தார், மறுபடி பார்த்தார். புருவம் உயர்ந்தது. “ஸ்லைடுல ஒண்ணுமில்ல. ஆனா மைக்ராஸ்கோப் சாமி மாதிரி நிக்குதே!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்ன வேலை பாக்குறீங்க?” சொன்னாள். “அதான பாத்தேன். இன்ஜினியரா இருந்துக்கிட்டு எதுக்கும்மா இந்த வயசுல இது? வேணாம், நான் கேக்கக்கூடாது. இதை முன்னாடி மேசைக்குக் குடுத்துடுறேன், பசங்க வரிசையா வந்து இதுலேயே பாக்கட்டும். மத்ததும் இப்படித்தான் கெடக்கு. வருசா வருசம் எழுதிப் போடுறாங்களாம், ஆள் வந்தபாடில்லை. நீங்க உக்காந்து கொஞ்சம் பாத்துக் குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். மார்க்கைப் பத்திக் கவலைப்படாதீங்க. பாஸாயிடுவீங்க.” சொல்லிவிட்டு அவர் அந்தக் கருவியைக் குழந்தையைத் தூக்குவது போல அடியில் கைகொடுத்துத் தூக்கிப் போனார், அதன் இடத்தில் நழுவுகிற வேறொன்று வந்து அமர்ந்தது.

பாஸாயிடுவீங்க. அந்தச் சொல் காதுக்குள் மணியாக ஒலித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவுதானா? கத்திமுனையும் ஒற்றுத்தாளும், கொஞ்ச நேரம் கைவேலை, பிறகு நுழைவுத் தேர்வு, பிறகு எல்லாம். தவறு என்ன? எவரையும் ஏமாற்றவில்லை. பிள்ளைகளுக்கு நன்மை. அந்தத் தேர்வாளர் நல்லவர், தாயுள்ளம் படைத்தவர். ஒருவேளை, ஒருவேளை, குன்றிலிருந்து இறங்கி வந்த அருளே இந்த வடிவத்தில் வந்து நிற்கிறதோ? அருள் வரும் வடிவத்தைக் குறை சொல்லலாமா? வேண்டிக்கொண்டவள் நீ, வந்ததைத் தள்ளுகிறவளும் நீயா? கை மறுபடி கத்தியைத் தேடிப் போயிற்று. கை போவதை அவள் பார்த்தாள். என்ன மகிழ்ச்சியோடு போகிறது, பழகிய வீட்டுக்குப் போகும் மாட்டைப் போல. அந்த மகிழ்ச்சியைக் கண்டதும்தான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பழுதுபார்த்ததற்குக் கூலியாகப் பெற்ற உயிரியல். அதன்மேல் கட்டிய மருத்துவம். அந்த மருத்துவத்தை நம்பிப் படுத்திருக்கும் ஓர் உடம்பு. அந்த உடம்பு கேட்குமா, உனக்கு இதில் என்ன தெரியும் என்று? கேட்காது. அதற்குக் கேட்கத் தெரியாது. நம்பிப் படுத்திருக்கும். அதுவல்லவா கொடுமை. சபாநாயகத்தின் களைத்த முகம் தோன்றிற்று. அத்தையின் கை தம்ளரில் நீர் ஊற்றிற்று. ஒரே ஒரு தடவை, குழலி. தள்ளிவிட்டால் இது முடிந்தது. சரி, முடிந்தால்? முடிந்தால் நாளை மறுபடி நீல மேலங்கி. அதிலும் தாழ்வில்லை. ஆனால், சுவாமி, எனக்கு அது வேண்டியிருந்ததே. இவ்வளவு வேண்டியிருந்ததென்று இந்த நொடிவரை எனக்கே தெரியவில்லையே.

“மேடம்.” தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாயிருந்தது. “எனக்கு இன்னொரு வேர் குடுங்க.” ரெஜினா மேரி திரும்பிப் பார்த்தார். “நேரமில்லைம்மா. மணி அடிக்கப் போறாங்க. நான்தான் சொன்னேனே.” “இருக்கிற நேரத்துல பாக்குறேன் மேடம். மைக்ராஸ்கோப்பெல்லாம் தேர்வு முடிஞ்சப்புறம் செஞ்சு குடுக்குறேன். அதுக்கு மார்க் வேணாம்.” தேர்வாளரின் முகம் சுருங்கிற்று. கொடுத்த கை வெறுமனே திரும்புகிறபோது சுருங்குவது. “உங்க இஷ்டம்” என்று சொல்லி, தட்டிலிருந்து ஒரு வேரை எடுத்து வைத்தார். நறுக்கினாள். ஊறவிட நேரமில்லை, காட்டினாள், இறக்கினாள், அழுத்தினாள். சரியாக நசுங்கவில்லை என்று கட்டைவிரலுக்கே தெரிந்தது. மேடையில் வைத்துக் குனிந்தாள். இந்தக் கருவி முந்தியதைவிட மோசம். கையை எடுக்குமுன்னே நழுவிற்று. பின்பக்கத் திருகாணிகள் கண்ணுக்கு எட்டின. கண்ணை மூடிக்கொண்டாள். இடக்கையை நீட்டி, குழலின் கீழ்விளிம்பை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அது கனத்தது. கனம் மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, தோளில் வந்து நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தாள். மூட்டம். செல்மேல் செல் ஏறிக் குவிந்த செம்மண் குப்பை. இடப்பக்கம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. கை நடுங்கினால் காட்சி நடுங்கிற்று. அவள் மூச்சு விட்டால் அதுவும் மூச்சு விட்டது. மூச்சைப் பிடித்தாள். ஓரத்தில், கூட்டத்திலிருந்து விலகி, தனியாக ஒன்று. அதற்குள் கருமையாய் இழைகள். இரு பக்கமாக இழுபடுகின்றனவா, அல்லது ஒரே திரளா? இழுபடுவது போலத்தான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வலக்கையால், தாளைப் பார்க்காமலே, அதை வரையத் தொடங்கினாள். புத்தகத்துப் படங்கள் நான்கும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். சுற்றிலும் எல்லோரும் அவற்றைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள், வில்லையில் எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அவள் கோடுகள் கோணலாக விழுந்தன. அந்த ஒன்றை மட்டும் வரைந்தாள். அடியில் அந்த நிலையின் பெயர் எழுதி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டாள். மணி அடித்தது.

ரெஜினா மேரி தாளை எடுத்துப் பார்த்தார். “நாலு நிலை கேட்டிருக்கும்மா.” “ஒண்ணுதான் தெரிஞ்சது மேடம். அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியலை.” “புத்தகத்துல இருக்கிறதை வரையத் தெரியாதா?” “தெரியும்.” அவர் குனிந்து வில்லை வழியாகப் பார்த்தார். அவருக்காகக் குழலி குழலைத் தாங்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. சிவப்பு மையால் ஏதோ எண் போட்டு, அவள் பார்க்குமுன் தாளை மடித்துக் கட்டுக்குள் செருகிவிட்டார். பிள்ளைகள் போன பிறகு, சொன்ன சொல்லுக்காக, நழுவிய கருவிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கினாள். அந்த வேலையில் இம்முறை அமைதி இருக்கவில்லை.

தெப்பக்குளத்துக் கரையோரம், பூக்கடை நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சபாநாயகம் நின்றிருந்தார். அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறார், சொல்லவில்லை. “என்னாச்சு? எல்லாரும் போயிட்டாங்களே. எப்படிப் பண்ணினே?” “போச்சுன்னு நெனைக்கிறேங்க.” அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றுமோ என்று தேடினாள், தோன்றினால் வெறுக்கலாம் என்று காத்திருந்தாள். தோன்றவில்லை. வெயிலில் நின்ற வாட்டம் மட்டும் இருந்தது. “வெங்காயந்தான வரும்னு சொன்னே?” “வெங்காயந்தான் வந்துச்சு.” “கையில என்ன, செவந்து கெடக்கு?” இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், குழலின் விளிம்பு பதிந்த அரைவட்டத் தடம். “புடிச்சுக்கிட்டே பாத்தேன்.” ரயில்பெட்டியின் அடியில் கனம் தாங்கிய கைகள் அவருடையவை. அந்தத் தடத்தை ஒரு நொடி தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், வீக்கம் இருக்கிறதா என்று. “அம்மா கேட்டா என்ன சொல்றது?” “முடிவு வரட்டும். தெரியாததை ஏன் சொல்லணும்?” ஸ்கூட்டர் கிளம்பிற்று. நம்பிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் அவளிடம் இல்லை. அந்த ஒற்றைச் செல் மட்டும், பிரிகிறதா பிரியவில்லையா என்று தெரியாமலே, வழியெல்லாம் கண்ணுக்குள் நடுங்கிக்கொண்டு வந்தது.

இதைக் கேட்கும் நீங்கள் எவராயினும், எவ்வூரினராயினும், நலமே சூழ்க. நோய் வந்து படுக்கும் நாள் உங்களுக்கு நேராதொழிக. நேருமாயின், கண்டதைக் கண்டபடி சொல்லும் நாவும், காணாததைக் காணவில்லை என்று சொல்லும் துணிவும், கனம் பொறுத்து ஏந்தி நிற்கும் கையும் உடைய ஒருவர் உங்கள் தலைமாட்டில் இருக்க, எல்லாம் வல்லவன் அருள்க.